அம்மன் வந்த வீட்டில் விருந்தாளி

1961 ஜூலை 2, ஞாயிறு. தென்காசி

விடிந்ததில் இருந்து சாரல். மழை என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. துவைத்த சேலை இரண்டும் காயவில்லை.

நாளைக்கு இந்தத் தெருப் பெண்கள் என்னைப் பார்க்க வருகிறார்களாம். சிலோன்காரியைப் பார்க்க. முதலில் கேட்பது பேரன் பேத்தியைத்தான். நேற்று ஒருத்தி கேட்டபோது தடுமாறி, ரவி ஜெயித்த கோப்பையைச் சொல்ல விட்டுவிட்டேன். ஆகையால் ஒழுங்காக எழுதி வைக்கிறேன்.

நடராசன், மூத்தவன். சீனியர் பரீட்சை முதல் தடவையிலேயே பாஸ். இங்கிலீஷில் வகுப்பில் முதல். கொழும்பில் கணக்குப் படிக்கிறான். சிங்களமும் பேசுவான்.
கமலா. டீச்சர் படிப்பு முடித்து ஹட்டன் பக்கம் வேலை. தேயிலைத் தோட்டத்துப் பெரிய துரை வீட்டுப் பிள்ளைகூட இவளிடம் தமிழ் எழுதக் கற்றதாம்.
ரவி. ஓட்டத்தில் கோப்பை. வெள்ளி மாதிரி இருக்கும், வெள்ளி இல்லை. கேட்டால் மட்டும் சொல்லவும்.
சாந்தி. தேவாரம் ஒப்பித்து இரண்டு வருசம் பரிசு.
மாலா. கைக்குழந்தை. இன்னும் ஒன்றும் பாஸாகவில்லை. ஆனால் நாலாம் மாதம் முடியுமுன் குப்புற விழுந்துவிட்டது. அதுவும் சேர்த்தி.

எல்லாம் என் மகன் ராஜன் பெற்றவை. வீடு கண்டியில்.

வந்த கதை: கண்டியில் ரயில், தலைமன்னாரில் கப்பல், தனுஷ்கோடியில் மறுபடி ரயில். கடலில் மூன்று தரம் வாந்தி. பிறந்ததே தீவு, ஆனால் கடலைத் தாண்டியது இந்த வயதில்தான். நம் கடை ஆள் முத்தையா கூட வந்தான். அவன் அவனுடைய ஊரான கீழப்பாவூருக்குப் போயிருக்கிறான். 21ஆம் தேதி வந்து என்னைக் கூட்டிப் போவான். பாஸ்போர்ட்டில் குத்தியிருக்கிற முத்திரைப்படி 22க்குள் தலைமன்னாரில் கால் வைக்க வேண்டும். தவறினால் உள்ளே விடமாட்டார்கள் என்று ராஜன் ஸ்டேஷனிலும் சொன்னான், ரயில் ஜன்னலிலும் சொன்னான். எங்கள் தெரு வளையல்கடைக்காரர் தன் அப்பாவின் கருமாதிக்கு இங்கே வந்து, தேதி தவறிப்போய், இன்னும் தூத்துக்குடியில் கிடக்கிறார். பெண்சாதி பிள்ளைகள் கண்டியில்.

என் அப்பா புளியங்குடி. நான் பிறந்தது கண்டி. இங்கே எல்லாரும் "சொந்த ஊருக்கு வந்திருக்கிய" என்கிறார்கள்.

ஜூலை 3, திங்கள்

வந்தார்கள். ஒன்பது பேர், பாதிப் பேர் காலில் சேறு.

"சிலோன்ல மழை பெய்யுமா ஆச்சி?"

"பெய்யும். இங்கன மாதிரி பிச்சை போடுத மழை இல்ல" என்றேன்.

"ஏட்டி தங்கம், வந்த மூணாம் நாளே ஊரக் குறை சொல்லுதியே. வெள்ளிக்கிழமை அருவியில கொண்டு நிறுத்துதேன், அப்பம் வாயத் திற பாப்போம்" என்றாள் கோமதி.

கோமதி மாறவில்லை. கண்டியில் எங்கள் கடைக்கு அடுத்த கடை அவர்களுடையது. பின்கட்டுச் சுவர் ஒன்றுதான். அவள் இரைந்து பேசினால் என் வீட்டுப் பால் திரியும் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். அவள் புருசன் போனபின் தென்காசிக்கு, மகன் சங்கரனின் இந்த வீட்டுக்கு வந்துவிட்டாள். "நீ வா, ரெண்டு பேரும் குத்தாலத்துல குளிக்கணும்" என்று எத்தனை கடிதம். வந்துவிட்டேன்.

சங்கரன் புளியங்குடியில் எலுமிச்சம்பழக் கமிஷன் கடை. வீடே எலுமிச்சை வாசனை. மருமகள் மீனாட்சி நல்ல பெண். காப்பியில் சீனி மட்டும் குறைவு. அவர்கள் மகள் வள்ளி, ஐந்து வயது, என்னை விட்டு நகரமாட்டேன் என்கிறாள். ராத்திரி என் பக்கத்தில்தான் படுக்கை.

ரவியின் கோப்பையைச் சொன்னேன். வெள்ளியா என்று ஒருத்தியும் கேட்கவில்லை. நல்லதாகப் போயிற்று.

ஜூலை 5, புதன்

வள்ளிக்கு நேற்றே காய்ச்சல். இன்று வயிற்றில் முத்து முத்தாக. கோமதி சட்டையைத் தூக்கிப் பார்த்தாள், உடனே கையைக் கூப்பிக்கொண்டாள். மீனாட்சி பேசாமல் போய் வேப்பங்குழை ஒடித்து வந்து நிலையில் செருகினாள். பெயரைச் சொல்லக் கூடாது. அம்மன் வந்திருக்கிறாள், அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமைக் குற்றாலம் இல்லை.

ஜூலை 6, வியாழன்

காற்று. சாரல். அறை இருட்டு.

இனி இந்த வீட்டில்: தாளிப்பு கிடையாது. தலை சீவக் கூடாது. வருகிறவரை வா என்று சொல்லக் கூடாது, போகிறவர் போய்வருகிறேன் என்று சொல்லக் கூடாது. சொன்னால் அம்மன் அவரோடு கிளம்பிவிடுவாள். வீட்டில் இருந்து ஒரு துரும்பு வெளியே போகக் கூடாது. பிச்சைக்காரனுக்கும் இல்லை. பிள்ளைக்கு மூன்று தரம் தலைக்குத் தண்ணீர் விட்டு முடியும்வரை வீட்டில் இருக்கிற யாரும் ஊர் எல்லை தாண்டக் கூடாது.

கண்டியிலும் இதே மரியாதைதான் செய்தோம். ஆனால் அங்கே நான் விருந்தாளி இல்லை.

கோமதியும் நானும் கணக்குப் பார்த்தோம். மூன்றாம் தண்ணீர் 19ஆம் தேதி. முத்தையா வருவது 21. இடம் இருக்கிறது. கோமதி "இருக்கட்டுமே, என்ன அவசரம்" என்றாள்.

சங்கரன் மட்டும் வழக்கம்போலப் புளியங்குடிக்குப் போய் வருகிறான். ஆண்பிள்ளை என்றால் அம்மன் கண்ணை மூடிக்கொள்வாள் போல.

கம்பங்கூழ். இளநீர். மறுபடி கம்பங்கூழ்.

ஜூலை 8, சனி

இன்று நான் ஒரு காரியம் செய்தேன். நடராசனுக்குச் சொல்ல வேண்டும்.

காலையில் வாசலில் காக்கிப் பையோடு ஒரு பையன். சுகாதார இன்ஸ்பெக்டராம். (இனி சு.இ. என்று எழுதுகிறேன்.) நடராசனைவிடக் கொஞ்சம் பெரியவன் இருப்பான். மீனாட்சி பயந்து உள்ளே போய்விட்டாள். கோமதி பூசையில். நான்தான் நிலையை மறித்து நின்றேன்.

"பாட்டி, உள்ள பிள்ளைக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. தாய் வந்து விளையாடுதா."

"எந்த மாதிரி முத்து? சின்னதா, பெருசா? ஒரு தரம் பாத்துட்டுப் போயிடுதேன்."

"அளந்து பாக்க அவ என்ன எலுமிச்சம்பழமா? செருப்போட படி ஏறாதிய தம்பி."

"பாக்க விடலன்னா நான் பெரியம்மை, வைசூரின்னுதான் எழுதணும் பாட்டி."

"எழுதிக்கிடுங்க. எழுத்துக்கெல்லாம் அவ பயப்படமாட்டா."

பென்சிலை நாக்கில் தொட்டு ஏதோ எழுதிக்கொண்டு போய்விட்டான். கோமதிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பின்சுவர் வழியாகப் பக்கத்து வீட்டுக்குச் சொன்னாள். அவர்கள் அடுத்த வீட்டுக்குச் சொல்லியிருப்பார்கள். ஐந்தாவது படித்தவள் ஒரு ஆபீசரைத் திருப்பி அனுப்பினேன்.

வள்ளிக்குச் சின்னதுதான். எனக்கே தெரியும். ஆனால் அதை எல்லாம் வாயால் சொல்லுவதா.

ஜூலை 11, செவ்வாய்

முதல் தண்ணீர் விட்டாயிற்று. வள்ளி கூழ் குடித்தாள்.

நாள் முழுக்க ஜன்னல். ஜன்னலில் பார்த்தால் கோயில் கோபுரம், எந்தக் காலத்திலோ நடுவில் பிளந்தது இன்னும் பிளந்தபடி. கீழே குற்றாலம் போகிற பஸ், வருகிற பஸ். வருகிற பஸ்ஸில் எல்லாம் தலையில் ஈரத் துண்டு. ஒரு பஸ்ஸில் பாட்டு. எனக்கு எரிச்சலாக வந்தது.

மீனாட்சியோடு சின்னச் சண்டை. நான் தலையை லேசாக வாரிவிட்டேன், சீப்பு இல்லை, விரலால்தான். "ஆச்சி, எங்க வீட்டுல அது கூடாது" என்றாள். எங்க வீட்டில் என்கிறாள். சரி, அவள் வீடுதான்.

மத்தியானம் கோமதி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"தங்கம், நீ இங்கனயே இருந்துடேன்."

"புள்ளையளுவ அங்கன இருக்கு."

"புள்ளையளுவ பெருசாயிட்டு. அதது வேலையப் பாக்கும். நான் இந்த ஜன்னல்லயே எத்தன வருசமா உக்காந்திருக்கேன் தெரியுமா? பேச ஒரு ஆளு கிடையாது. மருமவ நல்லவதான், ஆனா அவகிட்ட நம்ம கண்டிக் கதையப் பேச முடியுமா?"

"எனக்கு அங்கன வீடு இருக்கு கோமதி."

"என்ன வீடு. முத்திர குத்துனாத்தான் உன்ன உள்ள விடுதான். இங்கன உன்கிட்ட யாராவது முத்திர கேட்டாளா?"

அவள் எழுந்து போகவில்லை. இருவரும் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு இருந்தோம்.

ஜூலை 13, வியாழன்

முத்தையா வந்தான். வேப்பங்குழையைப் பார்த்ததும் தெருவிலேயே நின்றுவிட்டான். நான் உள்ளே, அவன் வெளியே.

"ஆச்சி, கப்பலுக்கு இப்பம் புதுசா ஒரு சீட்டு கேக்கானாம். தங்குன ஊரு சுகாதார ஆபீஸ்ல இருந்து, இருந்த வீட்டுல வைசூரி இல்லன்னு எழுதி வாங்கணுமாம். எனக்கு எங்க ஊருல வாங்கிட்டேன். உங்களுக்கு?"

அன்று சு.இ. பென்சிலை நாக்கில் தொட்டு எழுதியது ஞாபகம் வந்தது.

சங்கரன் சாயங்காலம் ஆபீசுக்குப் போய்வந்தான். செருப்பைக் கழற்றவே நேரம் எடுத்தான்.

"நம்ம வீட்டு நம்பரப் போட்டு வைசூரின்னு எழுதியிருக்கு சித்தி. வீட்டாளுவ பாக்க விடலன்னும் எழுதியிருக்கு. மேல் ஆபீசுக்குப் போயாச்சாம். சீட்டு கிடையாதுன்னுட்டான்."

"யாரு பாக்க விடாதது?" என்றாள் மீனாட்சி. அவளுக்கே தெரியும், தெரிந்துகொண்டே வாயில் வந்துவிட்டது. கோமதி சுவரைப் பார்த்தாள். ஒருவரும் என் பெயரைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஜூலை 14, வெள்ளி

சாப்பிடவில்லை. வளையல்கடைக்காரரின் பெண்சாதி ஞாபகம். அவளைத் தெருவில் பார்த்தால் "என்ன, கடிதம் வந்ததா" என்று கேட்போம். கேட்கிறபோது அவள் முகம் எப்படி இருக்கும் என்று இதுவரை கவனித்ததில்லை.

சு.இ. எங்கே என்று சங்கரன் விசாரித்தான். சீசன் கூட்டத்துக்குக் காலரா ஊசி போடக் குற்றாலத்தில் கூடாரம் அடித்திருக்கிறானாம். ஞாயிறுவரை அங்கேதான்.

நானே போவேன் என்றேன்.

"மொதல் தண்ணிதான் ஆச்சு. எல்லை தாண்டக் கூடாது" என்றாள் மீனாட்சி. அவள் சொல்வதும் சரிதான். அவள் பிள்ளை.

கோமதி என்னைப் பார்த்தாள். நான் இங்கேயே நின்றுபோனால் முதலில் சந்தோசப்படுகிறவள் அவள். ஆனால் சொன்னாள்: "குத்தாலம் எல்லைக்கு வெளிய இல்ல. குத்தாலநாதர் வாசல் வரைக்கும் நம்ம அம்மனுக்குப் பாத்தியதை உண்டு. எங்க மாமியார் சொல்லியிருக்கா."

அவள் மாமியார் அப்படி ஒன்றும் சொல்லியிருக்கமாட்டாள். அந்த அம்மாளை எனக்குத் தெரியும்.

ஜூலை 15, சனி. குற்றாலம்

குதிரை வண்டி. நானும் சங்கரனும். கோமதி வரவில்லை. வாசல்வரை வந்து, போய்வா என்று சொல்ல வாய் எடுத்து, மூடிக்கொண்டாள்.

தூரத்திலேயே இரைச்சல். பேரருவி வெள்ளையாக விழுகிறது, கீழே தலையும் தோளுமாக ஜனம். எண்ணெய் வாசனை, வடை வாசனை. இத்தனை வருசம் நினைத்துக்கொண்டிருந்தது இதுதான். நான் குளிக்கக் கூடாது. சாரல் முகத்தில் தெறித்தது, குடையைச் சாய்த்துக்கொண்டேன். அருவிக்கு முதுகைக் காட்டியபடி கூடாரத்து வரிசையில் நின்றேன். பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

எனக்கு முன்னால் ஒரு செட்டியார், ஊசிக்குப் பயந்து கண்ணை மூடிக்கொண்டு, "ஆச்சி, நீங்க மொதல்ல போங்க" என்றார். நான் ஊசிக்கு வரவில்லை என்று சொல்லுமுன் கம்பவுண்டர் என் கையைப் பிடித்துக் குத்திவிட்டான். அதன்பிறகுதான் சு.இ. நிமிர்ந்து பார்த்தான். அடையாளம் தெரிந்துகொண்டான்.

"எழுத்துக்கு அவ பயப்படமாட்டான்னு சொன்னது நீங்கதான பாட்டி?"

"அவ பயப்படமாட்டா. நான் பயப்படுதேன் தம்பி."

கண்டி, முத்திரை, 22ஆம் தேதி, எல்லாம் சொன்னேன். மாலா குப்புற விழுந்ததையும் சொல்லிவிட்டேன், எதற்கு என்று தெரியவில்லை. அவன் சிரிக்கவில்லை. "பிள்ளையப் பாக்காம நான் மாத்தி எழுத முடியாது. நாளைக்கு வாரேன். மேல போன காகிதம் திரும்பி வரணும், அது என் கையில இல்ல" என்றான்.

திரும்பும்போது சங்கரன் மங்குஸ்தான் பழம் வாங்கித் தந்தான். வீட்டுக்குள் கொண்டுவரலாம், வெளியேதான் போகக் கூடாது. கோமதிக்கு நாலு எடுத்து வைத்தேன்.

கை வலி.

ஜூலை 16, ஞாயிறு

வந்தான். செருப்பைத் தெருவிலேயே விட்டான். கிணற்றடியில் கால் கழுவினான். மீனாட்சிக்கு அதிலேயே மனது இறங்கிவிட்டது. வள்ளியின் கையைத் தொடாமல் குனிந்து பார்த்தான்.

"சின்னதுதான். ஆறிக்கிட்டு வருது."

அப்புறம் இந்த வீட்டில் யார் யாருக்கு முன்பு வந்திருக்கிறது என்று கேட்டான். கோமதிக்கு வந்திருக்கிறது, மீனாட்சிக்கும், சங்கரனுக்கும். எனக்கு இல்லை. என் பிள்ளைக்கு வந்தபோதுகூட நான்தான் கூட இருந்து பார்த்தேன், என்னைத் தொடவில்லை. அதைப் பெருமையாகச் சொன்னேன்.

"இனிமேயும் வரலாம். பாத்துக்கிடுங்க" என்றான்.

வியாழனுக்குள் காகிதம் வந்தால் உண்டு. மோர் கொடுக்கப் போனேன். மீனாட்சி கண்ணைக் காட்டினாள். ஆமாம், அம்மன் வீட்டு மோர். ஒன்றும் வாங்காமல், போய்வருகிறேன் என்றும் சொல்லாமல் போனான். பழக்கம் தெரிந்தவன்தான். அன்றைக்கே தெரியவில்லையே எனக்கு.

ஜூலை 17, திங்கள்

ஆடி பிறந்துவிட்டது. காற்று ஜன்னல் கதவை அடித்துக்கொண்டே இருக்கிறது. காகிதம் வரவில்லை.

சங்கரன் ஒரு வழி சொன்னான். முத்தையா ஊரான கீழப்பாவூரில் நான் தங்கியதாகச் சொல்லி அங்கே சீட்டு வாங்கிவிடலாமாம், தெரிந்த ஆள் இருக்கிறாராம். "வேண்டாம்" என்றேன். பொய் சொல்லி அம்மனை மறைத்துக்கொண்டு போவதா? ராத்திரி படுத்தபின் ஏன் வேண்டாம் என்றோம் என்று இருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

ஜூலை 19, புதன்

மூன்றாம் தண்ணீர். வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீர். வெயில் எங்கே இருந்தது, வைத்தோம் அவ்வளவுதான். வீடு முழுக்க மெழுகினோம். வள்ளி முற்றத்தில் ஓடுகிறாள்.

மீனாட்சி கடுகு தாளித்தாள். அந்தச் சத்தம் கேட்டு நாங்கள் மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தோம்.

காகிதம் இல்லை.

ஜூலை 20, வியாழன்

வந்துவிட்டது.

சங்கரன் பஸ்ஸில் இருந்து இறங்கி ஓடிவந்தான், எலுமிச்சம்பழ வியாபாரி ஓடி நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன். மேற்படி வீட்டில் வைசூரி இல்லை. மேற்படி தங்கம்மாள் பிரயாணம் செய்யலாம். நீல மையில் சீல்.

பெட்டி கட்டியாயிற்று. நடராசனுக்கு வேட்டி. கமலாவுக்குச் சுங்குடிச் சேலை. ரவிக்கு முறுக்கு, வேறு எதுவும் அவனுக்குப் பிடிக்காது. சாந்திக்குக் கண்ணாடி வளையல். மாலாவுக்கு அரக்குப் பூசிய மரக் கிலுகிலுப்பை. தீட்டுக் கழிந்துவிட்டதால் எல்லாம் வெளியே போகலாம்.

கோமதி என் சேலைகளை மடித்து மடித்து வைத்தாள், மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

"அடுத்த சீசனுக்கு வாரேன் கோமதி. குளிக்கத்தான் இல்ல இந்தத் தடவ."

"ஆமா, நீ வருவ. முத்திரையத் தூக்கிக்கிட்டு."

உடம்பு அசதி. பெட்டி கட்டியது. ஊசி.

ஜூலை 21, வெள்ளி

சாரல் இல்லை. வெயில்.

எல்லாரும் எழுமுன் குளிக்கப் போனேன். மார்புக்குக் கீழே ஒன்று. வேர்க்குரு என்று நினைத்தேன். விரலால் தொட்டால் உள்ளே தண்ணீர். காதுக்குப் பின்னால் இன்னொன்று. நெற்றி கொதிக்கிறது, நேற்றில் இருந்தே கொதித்திருக்கிறது.

ஒருவரும் பார்க்கவில்லை. சேலை மூடிவிடும். காதை முந்தானை மூடிவிடும். சீட்டு இருக்கிறது, சீல் இருக்கிறது. சாயங்காலம் ரயில். கப்பல் ஏறி இறங்கினால் தலைமன்னார், அப்புறம் யாரும் என்னைத் திருப்பி அனுப்ப முடியாது.

குளியலறைக் கல்லில் உட்கார்ந்திருந்தேன். கண்டி ஸ்டேஷனில் ராஜன் நிற்பான், மாலாவைத் தோளில் போட்டுக்கொண்டு. என்னைக் கண்டதும் என்ன செய்வான்? "அம்மா, இந்தாங்க" என்று அதை என் கையில் கொடுப்பான். எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். நான் வேண்டாம் என்பேனா? என்னால் முடியாது. கையை நீட்டிவிடுவேன்.

மூன்று தரம் யோசித்தேன். மூன்று தரமும் கையை நீட்டினேன்.

முத்தையா வந்தான். வேப்பங்குழை எடுத்துவிட்ட நிலை வழியாகச் சந்தோசமாக உள்ளே வந்து பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துவிட்டான்.

"பெட்டியக் கீழ வை முத்தையா."

"ஏன் ஆச்சி?"

முந்தானையை விலக்கிக் காதைக் காட்டினேன். கோமதி என் பின்னால் நின்றாள். அவள் மூச்சை இழுத்தது கேட்டது.

முத்தையா குரலைத் தாழ்த்தினான். "ஒண்ணுதான ஆச்சி. மூடிக்கிட்டா யாருக்குத் தெரியும்? இன்னைக்கு விட்டா அவ்வளவுதான். அப்புறம் அவன் விடமாட்டான்."

"தெரியும்."

"மொதலாளிகிட்ட நான் என்னன்னு சொல்லுவேன்?"

"எனக்கு முத்து போட்டிருக்குன்னு சொல்லு. வீட்டுல கைப்பிள்ள இருக்குல்லா, அவனுக்குப் புரியும். மறுபடி எழுதிப் போட்டு முத்திர வாங்கட்டும். எத்தன மாசம் ஆகுதோ ஆகட்டும்."

வருசம் என்று வாயில் வந்தது. மாசம் என்று சொல்லிவிட்டேன்.

கோமதி முன்னால் வந்தாள். முகம் எல்லாம் ஒரு மாதிரி. "நான் வேண்டிக்கிட்டேன் தங்கம். நீ நிக்கணும்னு வேண்டிக்கிட்டது உண்மைதான். இப்பிடி இல்ல. சத்தியமா இப்பிடி இல்ல."

"உன் பேச்ச எந்தச் சாமி கேட்டிருக்கு, போடி" என்றேன். அவள் அழுதுகொண்டே வேப்பங்குழை ஒடிக்கப் போனாள்.

முத்தையா பெட்டியை வைத்துவிட்டு வாசலுக்கு இறங்கினான். இனி இந்தப் பெட்டியில் இருந்து ஒன்றும் போகக் கூடாது. கிலுகிலுப்பையும் கூடாது. அவனுக்கு வண்டிக்கு நேரம். போய்வருகிறேன் என்று சொல்லத் தெரியாமல் தெருவில் நின்றான், போகத் தெரியாமலும் நின்றான். முறுக்கு மட்டுமாவது கேட்பான் போல இருந்தது.

நான் நிலைக்கு உள்ளே நின்றபடி சொன்னேன்:

"ராஜன்கிட்ட சொல்லு. புள்ளையளுவ எல்லாத்தையும் ஒண்ணா நிக்கவச்சுப் புதுசா ஒரு படம் எடுத்து உடனே தபால்ல போடச் சொல்லு. பழசு வேண்டாம். நடராசன கொழும்புல இருந்து வரச்சொல்லி எடுக்கட்டும். மாலாவுக்குத் தொப்பி போட்டு முகத்த மறைச்சிராண்டாம், கழத்திட்டு எடுக்கச் சொல்லு."